துண்டு போட்டு மூடிய டிவி

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘துண்டுக்காரர்’தான். தோளில் துண்டு போடுகிற ஆள் இல்லை, டிவி மேல் போடுகிற ஆள். பழைய வீடியோ கேசட்டுகளை சிடியில் ஏற்றிக் கொடுப்பது அவர் பிழைப்பு. கேசட் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஓடவிட்டுத்தான் ஏற்ற முடியும். படம் சரியாக வருகிறதா என்று முதலில் ஒருமுறை பார்ப்பார். அப்புறம் டிவியைப் பச்சைத் துண்டால் மூடிவிட்டு, சத்தத்தை மட்டும் லேசாக வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். சத்தம் நின்றால் நாடா சிக்கிக்கொண்டது என்று தெரிந்துவிடுமாம்.

“என்ன, சீட் பிடிச்சு வச்சிருக்கீங்களா?” என்று கிண்டல் செய்வேன்.

“அடுத்தவங்க வீட்டு விஷயம்டி. நம்மள நம்பிக் குடுத்திருக்காங்க.”

இன்னொரு பிடிவாதமும் உண்டு. “இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, நிறுத்திடுங்க” என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். கடைசி வரைக்கும் ஏற்றுவார். விழா முடிந்தபின் கேமராவை அணைக்க மறந்து எங்காவது வைத்திருப்பார்களாம். செத்துப்போன பெரியப்பா யாரையோ திட்டிக்கொண்டு நடந்து போவது அதில்தான் இருக்குமாம். அதைப் பார்த்து அழுதபடி நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. பொய் சொல்லத் துப்பில்லாத மனுஷன், ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது.

அந்தப் பெண் ஒரே ஒரு கேசட்டோடு வந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். நாலு வயதில் அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். அப்பா ஒரு போட்டோகூட மிச்சம் வைக்காமல் எரித்துவிட்டாராம். பரணில் பழைய பெட்டிக்குப் பின்னால் இந்தக் கேசட் கிடைத்திருக்கிறது, அவளுடைய நாலாவது பிறந்தநாள்.

“அம்மா முகம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது ஆன்ட்டி” என்றாள். எனக்குப் பொசுக்கென்று கண் கலங்கிவிட்டது. ராத்திரியே இவரிடம் சொல்லி, மறுநாள் மதியம் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு அதை முதலில் போடச் சொன்னேன்.

இவர் வழக்கம்போலத் துண்டைப் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தேன். குழந்தைகள் பாடினார்கள், பலூன் வெடித்தது, ஒரு பெண் கலகலவென்று சிரித்தாள். பிறகு விருந்தாளிகள் கிளம்பும் சத்தம். பிறகு வெறும் இரைச்சல். நான் எழுந்து போகலாம் என்றிருந்தபோது மறுபடி அவள் குரல் வந்தது. சிரித்த அதே பெண்.

“கதவத் தொறங்க. பாப்பா தனியா இருக்கா. நான் எங்கயும் போகலங்க, சத்தியமா போகல. கதவத் தொறங்க!”

இவர் பேப்பரோடு அப்படியே சமைந்துபோனார். நான்தான் துண்டைப் பிடுங்கி எறிந்தேன். அலமாரியில் வைத்து மறந்துபோன கேமரா போலிருக்கிறது. மூடிய கதவு ஒன்று தெரிந்தது. முன்னால் ஒருவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவனே திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டான். ஏதோ உருண்டது. ஒரு அலறல் பாதியில் நின்றது. நெடுநேரம் கழித்து வெளியே வந்தவன், நிதானமாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். கேக் பூசிய வாயோடு குழந்தை வந்தது.

“அம்மா எங்கப்பா?”

“போயிட்டாடா கண்ணு. நம்மள விட்டுட்டுப் போயிட்டா.”

அதோடு நாடா முடிந்தது. பாவி! அடப்பாவி! நான் வாய்விட்டே கத்திவிட்டேன்.

“போலீசுக்குப் போன் பண்ணுங்க” என்று சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது. அவன்தான். பெண் ஆசை தாங்காமல் அப்பாவிடம் உளறியிருக்கிறாள்.

“பாப்பா கேசட் குடுத்திருக்காளாமே. எது வரைக்கும் ஏத்துனீங்க?”

“கடைசி வரைக்குங்க. நம்ம பழக்கமே அதுதான்” என்றார் என் வீட்டுக்காரர். கேட்டவுடன் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“பார்த்தீங்களா?”

“நான்... துண்டு போட்டு மூடிடுவேங்க...”

குரல் நடுங்கியது.

“பாப்பாவும் நானும் பக்கத்துலதான் இருக்கோம். வந்துடறோம்.”

இவர் போனில் போலீஸ்காரரிடம் விலாசம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது. அவள் முதலில் குதித்து ஓடி வந்தாள். அவன் வண்டியை ஓரம்கட்டிக்கொண்டிருந்தான். அவளை அந்தக் காரில் மறுபடி ஏறவிடக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

“அங்கிள், அம்மா முகம் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதும்மா. உள்ள வா” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார் இவர். நான் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் ஆன்ட்டி? அப்பா வெளிய இருக்காரே.”

கைப்பிடி வெளியிலிருந்து மெதுவாகத் திரும்பியது.

“கதவத் தொறங்க” என்றான்.

நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன்.