மிளகாய்ச் சாக்குப் புகை

மட்டாஞ்சேரியிலேயே தேனீ வளர்ப்புப் புத்தகத்தை முதலில் படித்தவன் நான்தான். பொய். படம் மட்டும்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டில் மிளகாய் கருகினால் இன்றும் அந்தப் பொய் தும்மலாக வருகிறது.

மாமாவுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும், புத்தகமோ மலையாளம். பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டுப் படகுத்துறையில் திரிந்த என்னிடம் வாசித்துச் சொல்லும்படி கொடுத்தார்.

“தேனீ அடங்கக் கூட்டுக்குப் புகை போடணுமாமே, எந்தாடா எரிக்கணும்?”

படத்தில் ஒரு சாக்கு இருந்தது. “சாக்கு, மாமா.”

மாமா மிளகாய்க் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் வேறென்ன சாக்கு இருக்கும்? அதையே கொளுத்தினார். தேனீக்கள் வெறிபிடித்துக் கிளம்பின. இருமலில் அவரால் ஓட முடியவில்லை.

“அடுத்த பக்கத்துல என்னடா போட்டிருக்கு?”

புரட்டிப் பார்த்தேன். “பயப்படாம இன்னும் ஊதணுமாம்.”

ஊதினார். தேனீக்கள் கொட்டி முகம் பலாப்பழமானது. தெருவே சிரித்தது, எல்லோரையும்விட நான் அதிகம் சிரித்தேன். மாமாவின் வலது கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாமென்று ஒருநாள் அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்து…

“டேய் மணி,” இதோ, இப்போதும் உள்ளேயிருந்து மாமா கூப்பிடுகிறார். “இந்த மருந்து பாட்டில்ல மலையாளத்துல என்னமோ எழுதியிருக்கு. வந்து வாசிச்சுச் சொல்லு. உன்னை விட்டா எனக்கு யாருடா?”