தகரம் கழற்றிய ஞாயிறு

சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி எழுந்து போய்விடுவேன். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

யுத்தம் முடிந்து மிலிடரிக்காரர்கள் ஏலம் விட்டதில் சித்தப்பா எடுத்த வண்டி அது. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் துறைமுகத்து ரயில் பாதை. உப்புக் காற்றும் கரித்தூளும் சேர்ந்து இன்ஜினைத் தின்றுவிடும் என்று, துறைமுகப் பட்டறையில் பிட்டராக இருந்த சித்தப்பா தானே தகரம் வெட்டி வளைத்து வண்டியின் இரண்டு பக்கமும் மூடி போட்டிருந்தார். பச்சை பெயிண்டும் அடித்திருந்தார். அலமாரி ஒன்று உருண்டு வருகிறது என்று அம்மா கேலி செய்வாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அந்தத் தகரங்களைக் கழற்றி, உள்ளே துடைத்து, கிரீஸ் வைத்து, மறுபடி மாட்டுவார். வாசலில் கோணிப்பை விரித்து ஏழு தகரங்களையும் வரிசையாக அடுக்கி, அந்தந்தத் தகரத்தின் போல்ட்டுகளை அதன் மேலேயே வைப்பார். மூடியில்லாத வண்டி உரித்த கோழி மாதிரி நிற்கும். தெரியாதவர்கள் பார்த்தால் லாரியில் அடிபட்ட வண்டி என்றுதான் நினைப்பார்கள்.

சங்கிலி கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். எங்கள் சமையலறையில் டின் நிறைய இருக்கும். ஆனாலும் பாட்டிலைக் கொடுத்து என்னை, விறகும் மண்ணெண்ணெயும் விற்கிற பின்தெரு விறகுத் தொட்டிக்காரர் வீட்டுக்குத்தான் அனுப்புவார். அந்த வீட்டு அக்கா பாட்டிலை நிரப்பிக்கொண்டே, "இன்னாடி, வண்டி எப்டிகீது?" என்பாள். "நல்லாகீது" என்பேன். திரும்பி வந்ததும் சித்தப்பா, "அது இன்னா கேட்டுச்சு?" என்பார். வண்டியைத்தான் கேட்டாள் என்பேன். இதில் அவருக்கு அப்படி என்ன சந்தோஷமோ, எனக்கு விளங்கியதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்பது வயது. ஒரே ஒரு போல்ட்டையாவது நான் கழற்றுகிறேன் என்று காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தேன். சித்தப்பா ஸ்பேனரைத் தூக்கி ஆறு வயதுத் தம்பியிடம் கொடுத்தார். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு ஸ்பேனரு? போய் கிருஷ்ணாயில் வாங்கினு வா" என்று சிரித்தார். தம்பியும் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது.

விறகுத் தொட்டிக்காரர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தன் அப்பா இருந்ததால் அக்கா என்னிடம் ஒன்றும் கேட்காமல் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவளுடைய அம்மாதான் குழம்பு ஊற்றியபடி, "இன்னாடி, ஒங்க சித்தப்பன் வண்டி சத்தமே காணோம்?" என்று கேட்டாள்.

"வண்டி துண்டு துண்டா கெடக்குது."

கழற்றி வைத்திருக்கிறார் என்று அடுத்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். அது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கரண்டி பிடித்த கை அப்படியே நின்றதைப் பார்த்தேன். அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"ஐயோ, சித்தப்பன்?"

"கீழ கெடக்குறாரு."

"எயுந்திருக்கலியா?"

"இல்ல. வண்டிக்கி அடியில கீறாரு."

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சித்தப்பா முதுகுக்குக் கீழே சாக்கைப் போட்டுக்கொண்டு, தலையை வண்டிக்கு அடியில் நுழைத்துப் படுத்துத்தான் இருந்தார். தெரிந்துதான் சொன்னேன். அதை எத்தனை வருஷம் மறைத்தாலும் எனக்குத் தெரியும்.

பாட்டில் கீழே விழுந்தது. அக்கா ஓடினாள். செருப்பில்லை, முந்தானை தெருவில் புரள்கிறது, குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, வெறும் பெயரைச் சொல்லி, அலறிக்கொண்டே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். சத்தம் கேட்டுச் சித்தப்பா வண்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். அவள் அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். அடித்துவிட்டு அங்கேயே தலையைச் சாய்த்து அழுதாள். கோணிப்பை மேல் இருந்த போல்ட்டுகள் காலில் பட்டுச் சிதறின. விறகுத் தொட்டிக்காரர் எச்சில் கையோடு வந்து நின்றார். மகளைத் தொடவில்லை. "நட" என்று மட்டும் சொன்னார்.

எவ்வளவு நெருங்கி வந்த காரியம் என்பதைப் பின்னால் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாதி வேறு. ஆனாலும் சித்தப்பா ஒரு வருஷமாக அந்த மனிதரின் தராசைச் சரிபார்த்துக் கொடுப்பதும் சைக்கிளைப் பழுது பார்ப்பதுமாக மெல்ல மெல்ல அவர் மனசைக் கரைத்து வைத்திருந்தார். தை பிறந்ததும் பெரியவர்களோடு போய் முறையாகப் பெண் கேட்பதாக இருந்தார். இப்போது அவசர அவசரமாக என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். விறகுத் தொட்டிக்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"தெருவே பாக்க ஓடியாந்தவள ஒனக்கே குட்த்தேன்னு வெச்சிக்கோ, நாளைக்கி நான் எப்டிப்பா தலநிமிந்து நடக்கறது?"

எங்கள் வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்தேன். "பச்சப்புள்ள, கண்டதச் சொல்லிச்சு" என்று அத்தை சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாகூட, பாவம், லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த முகூர்த்தத்திலேயே அக்காவைக் காத்திவாக்கத்தில், மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு அழைப்பில்லை. தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து நான் மட்டும் சாப்பிடப் போனேன். வெட்கமில்லாமல் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன். பாயசம் வந்த நேரத்தில் அக்கா கூப்பிடுவதாக ஒரு பெண் வந்து அழைத்துப் போனாள்.

அறையில் அவள் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி ஏன்டி அப்டி சொன்ன?"

"நான் பொய் சொல்லலியே" என்றேன்.

அவள் என் தலையில் கை வைத்தாள். "ஆமா, நீ பொய் சொல்லல. நாந்தான் ஓடியாந்துட்டேன்" என்றாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. தப்பு என் மேல் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள் என்றுதான் புரிந்துகொண்டேன். ஓடிப்போய் என் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பாயசம் எனக்கு ஊற்றவே இல்லை என்று சண்டை போட்டு, இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.