பருந்துக்குத் தைத்த முயல்

பொம்பளை கையில் பருந்து நிற்காது என்று எங்கள் கம்பெனியில் சொல்லாத ஆள் இல்லை. கட்டிங் மாஸ்டர் சொன்னார், அயர்ன்காரர் சொன்னார், கேட்டில் தூங்குகிற வாட்ச்மேன்கூட முழித்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். அது என் கையில்தான் நின்றது.

அருள்புரத்தில் நான் தைக்கப் போகும் பனியன் கம்பெனிக்குப் பின்னால் முதலாளியின் கொறங்காடு இருக்கிறது, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். அங்கே கம்பி வலையில் ஒரு கூண்டு கட்டி, வெளிநாட்டுப் பருந்து ஒன்றை வாங்கி விட்டார் முதலாளி. கூண்டிலேயே பொரித்து வளர்த்த ஜாதி. பேப்பரெல்லாம் முறைப்படி இருந்தது. அதை முயல் பிடிக்கப் பழக்கலாம் என்று யாரோ அவருக்கு ஆசை காட்டிவிட்டார்கள். அதோடு வந்த வடக்கத்தி ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவேயில்லை. "அதுக்குக் கறி வெட்டிப் போடறது ஆருங்க?" என்று சூப்பர்வைசர் வந்து கேட்டபோது, ஆண்கள் அத்தனை பேரும் மெஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

முதல் நாள் அது என்னை முறைத்தது. நானும் முறைத்தேன். அப்போதே எனக்கு அதைப் பிடித்துப்போய்விட்டது. தன்னிடம்கூட நான் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை என்று என் வீட்டுக்காரர் இன்னும் குத்திக்காட்டுவார். உண்மைதான், அதற்கென்ன இப்போது?

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் பழக்கினேன். வேலைக்குப் போகும் முன் தோல் கிளவுஸைப் போட்டுக்கொண்டு "வா கண்ணு" என்று கூப்பிட்டால் மரத்திலிருந்து கைக்கு வந்துவிடும். ஆனால் துரத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க முயல் வேண்டுமே! காட்டு முயலைத் தொட்டால் ஃபாரஸ்ட்காரர்கள் உள்ளே தள்ளிவிடுவார்கள். வேஸ்ட் குடோனில் பழுப்பு ஃபிளீஸ் துணி, குளிருக்குப் போடும் சட்டைக்கான தடித்த துணி, மூட்டையாகக் கிடந்தது, ஏதோ ஆர்டரில் கழித்தது. அதில் ஒரு முயலைத் தைத்தேன். வயிற்றில் கட்டிங் வேஸ்ட் அடைத்து, இரண்டு காது வைத்து, கோழிக்கறி ஒரு துண்டைக் கட்டி, நாடாவில் இழுத்துக்கொண்டு கொழுக்கட்டைப் புல்லுக்குள் ஓடுவேன். பருந்து பின்னாலேயே வந்து ஒரே அமுக்காக அமுக்கும். மூச்சு வாங்கினாலும் மனசு குளிர்ந்துபோகும்.

மார்கழியில் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம நமக்கு ஆர்டர் குடுக்கற ஏஜென்ட்டுக வர்றாங்க அம்மிணி. அவங்க முன்னால இது மொயல் புடிக்கோணும். புடிக்கலீன்னா ஊட்டிப் பக்கம் ஓட்டல்காரன் ஒருத்தன் கேட்டுட்டிருக்கறான், வித்துருவேன். வாசல்ல கட்டிப் போட்டா போட்டோ எடுக்கக் கூட்டம் வருமாமா."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை பண்ணையிலிருந்து வெள்ளை முயல்களைக் கூடையில் கொண்டுவந்தார்கள். நல்ல குளிர். எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய முதலாளியானாலும் கடைக்குப் போய்ச் சட்டை வாங்க மாட்டார். தன் கம்பெனியில் மிஞ்சிய பீஸைத்தான் மாட்டிக்கொள்வார். எங்கள் முதலாளியும் முதுகில் தொப்பி தொங்கும் பழுப்பு ஃபிளீஸ் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் முயல் தைத்த அதே துணி. பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு முயலை இறக்கி விட்டார்கள். பாவம், கூண்டில் பிறந்து தீவனம் தின்று வளர்ந்தது, அதற்கு ஓடத் தெரியவில்லை. உட்கார்ந்து சாவகாசமாகப் புல்லைக் கடித்தது. என் கையிலிருந்த பருந்து அதைச் சட்டைகூடச் செய்யவில்லை. ஏஜென்ட்டுகள் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். பொறுக்க முடியாமல் முதலாளியே "சூ! சூ!" என்று முயலை விரட்டிக்கொண்டு ஓடினார். முதுகில் தொப்பி குதித்தது. அதன் நாடா இரண்டும் தோளுக்கு மேல் காது மாதிரி ஆடின. அட கடவுளே என்று நான் நினைப்பதற்குள் பருந்து என் கையை விட்டுப் போய்விட்டது.

முதலாளி புல்லில் குப்புறக் கிடந்தார். பருந்து தொப்பியை அமுக்கிக்கொண்டு, கறி எங்கே என்று தேடியது. ஏஜென்ட்டுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அடக்கவெல்லாம் இல்லை. துணி தடிமன் என்பதால் அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அவர் எழுந்து உதறியதும் பருந்து பறந்துபோய் வேலமரத்தில் உட்கார்ந்தது.

"மொயலோட கால்ல கவுத்தக் கட்டி அது முன்னால போடுங்கடா!" என்று கத்தினார் முதலாளி.

"அது வேண்டாமுங்க" என்றேன்.

"ஏன்?"

"கட்டிப் போட்டத அமுக்கறது வேட்டையில்லீங்க. நான் அப்படிப் பழக்கலீங்க. அதுக்குக் கூப்புடவும் மாட்டனுங்க."

"பருந்து ஆருது அம்மிணி?"

"உங்களுதுதானுங்க. கூப்புடறவ நானுங்க."

"கிளவுஸக் கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். அவர் மாட்டிக்கொண்டு, கறித்துண்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். பருந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. ஒரு ஏஜென்ட் மறுபடியும் களுக்கென்று சிரித்தார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கே ஓட்டல்காரன வரச் சொல்றேன், பாரு!"

புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன். வெறுங்கையை நீட்டினேன்.

"வா கண்ணு."

வந்தது. கிளவுஸ் இருந்தால் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அத்தனை நகமும் சதைக்குள் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. கத்தினால் மிரளும், உதறினால் இன்னும் ஆழமாகப் பிடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரத்தம் முழங்கை வழியாகப் புல்லில் சொட்டியது. முதலாளி பக்கத்தில் வந்து கறியோடு கிளவுஸ் கையை நீட்டினார். பருந்து கறியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, என் கையை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"விக்கறதா இருந்தா என்ற கையையும் சேத்து வித்துருங்க" என்றேன்.

போன்களெல்லாம் கீழே இறங்கியிருந்தன. முதலாளி என் கையையே பார்த்தார். பிறகு கிளவுஸைக் கழற்றி நீட்டி, "போட்டுக்க அம்மிணி, ரத்தம் வருது" என்றார். நான் வாங்கவில்லை. கூண்டு வரைக்கும் வெறுங்கையிலேயே அதைக் கொண்டுபோய் விட்டேன்.

தழும்பு அப்படியே இருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள் என்கிறார் மாமியார். எதற்கு மறைக்க வேண்டும்? தினமும் காலையில் பருந்துக்குக் கறி வெட்டிப் போட்டுவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டுதான் தையல் லைனில் போய் உட்காருகிறேன். ஓட்டல்காரர் இதுவரை வரவில்லை. வந்தால் முதலில் இந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.