வெளிக்கிட முதல் கொஞ்சம் இருங்கோ

சேவல் கூவியதற்கு மன்னிப்புக் கேட்டு நான் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றல்ல, நான்கு. கூரையில் நாரை கூடு கட்டியதற்கு, கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்ததற்கு, மீன்பிடிக் கிராமத்தில் மீன் மணத்ததற்கு எல்லாம் லண்டனில் இருந்துகொண்டு, கம்பனியின் பெயர் அச்சிட்ட தாளில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கிராமம் பார்க்கவேண்டும் என்று காசு கொடுத்துப் போவார்களாம். போன இடத்தில் கிராமம் இருக்கிறதே என்று முறைப்பாடு செய்வார்களாம்.

இரண்டாயிரத்து நான்கில் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த கையோடு, மலிவு விமானங்கள் அந்தப் பக்கம் பறக்கத் தொடங்கின. லண்டனில் ஆல்ட்கேட் பக்கத்தில் சப்பாத்துத் திருத்தும் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு சின்னக் கம்பனி, அந்த நாடுகளின் பண்ணை வீடுகளிலும் கடற்கரை வீடுகளிலும் ஒரு வாரம், இரண்டு வாரம் தங்க ஆட்களை அனுப்பியது. அங்கே எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் என் ஜெர்மன். லண்டனுக்கு வரமுதல் பதினொரு வருடம் ஜெர்மனியில் இருந்தோம். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கழுவிக் கற்ற ஜெர்மன் அது. நாங்கள் குடியிருக்கும் ஈஸ்ட் ஹாமில் அதை வைத்து ஒரு கட்டு கீரைகூட வாங்க ஏலாது. ஆனால் அந்த நாடுகளில் வீட்டில் அறை வாடகைக்கு விடுகிற வயதானவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ரஷ்ய மொழி தெரியும், கொஞ்சம் ஜெர்மன் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரி லண்டனில் இருந்து லாட்வியாக்காரியோடு ஜெர்மனில் கதைக்கிறாள் என்று என் கணவர் சிரிப்பார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். ஆனால் தொட்டேன்.

அந்த லாட்வியாக்காரி ஒரு விதவை. மேற்குக் கடற்கரையில் பைன் மரங்களுக்கு நடுவே மர வீடு, மேலே இரண்டு அறை. முன்பு மீன் தகரத்தில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். இரு பக்கத்து வீடுகளையும் ரீகாவில் இருந்து வந்த பணக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். கோடையில் மட்டும் யன்னல் திறப்பார்கள். முதல் தடவை கதைத்தபோதே அவர் சொல்லிவிட்டார்: "இந்த இரண்டு அறையும் நிறைந்தால் வீடு என்னுடையது. நிறையாவிட்டால் விற்கத்தான் வேண்டும்." அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் அழைத்து, யார் வருகிறார்கள், எத்தனை பேர் என்று சொல்வேன். "நல்லது, வரட்டும்" என்பார். வைத்துவிடுவார். சுகம் விசாரிப்பு, காலநிலை, ஒன்றும் கிடையாது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இரண்டாவது கோடையில், அந்த ஒரு வீட்டைப் பற்றி மட்டும் மூன்று முறைப்பாடுகள் வந்தன. சேவல் இல்லை, மீன் மணம் இல்லை. புறப்படுகிற நேரத்தில் வீட்டுக்காரி தங்களைத் தடுத்து வைத்தாராம். பெட்டியெல்லாம் கட்டி, டாக்சி வாசலில் நிற்கிறது. அவர் வந்து கதவைச் சாத்திவிட்டு, மர வாங்கைக் காட்டி இருக்கச் சொல்லுகிறார். தானும் எதிரே இருக்கிறார். முழங்காலில் இரண்டு கையையும் வைத்தபடி ஒரு சொல் பேசாமல் நிலத்தைப் பார்க்கிறார். பிறகு எழுந்து கதவைத் திறந்துவிடுகிறார். குளியலறைத் துவாய் ஏதும் களவு போயிருக்கிறதா என்று சோதிக்கிறார் என நினைத்து அவமானமாக இருந்தது என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ஒரு தனி வீட்டுக்குள் இப்படிப் பயந்ததே இல்லை என்று ஒரு கனவான் எழுதியிருந்தார். வாய் பேசாத அறுபத்தெட்டு வயது மனுசிக்குப் பயந்த கனவான்!

எங்கள் மனேஜர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கண்ணாடி போட்ட, நல்ல பழக்கமுள்ள மனிதர். என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார். மூன்று முறைப்பாடு வந்தால் வீட்டைப் பட்டியலில் இருந்து எடுப்பது விதி என்று சொல்லி, மூன்று கடிதங்களையும் என் மேசையில் வைத்தார்.

வாசித்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் எனக்கும் அது நடந்திருந்தது. வேலைக்குப் புறப்பட்டு, தெரு முடக்கு வரைக்கும் போய், ட்ரவல் கார்டை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடிவந்தேன். என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேரும், வெளிக்கிட்டுத் திரும்பி வந்திட்டீர். இரும். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போம்."

"எனக்கு ட்ரெயின் போகப்போகுது. வழியை விடுங்கோ."

"ட்ரெயின் ஐஞ்சு நிமிசத்துக்கு ஒண்டு வரும். நீர் ஒராள்தானே இருக்கிறீர்."

கோயிலுக்குப் போகாத மனிதர். ராகுகாலம் பார்ப்பவர்களைக் கேலி செய்கிறவர். ஆனால் வெளிக்கிட்டவர் திரும்பி வந்தால், வெளிக்கிடுகிற நேரத்தில் யாராவது தும்மினால், இருத்தித் தண்ணீர் கொடுக்காமல் விடமாட்டார். அடுத்த சகுனம் வரைக்கும் அவருக்கு நிம்மதி. எங்கள் பேச்சில் 'இரு' என்றால் கதிரையில் இரு என்றும்தான், போகாமல் இரு என்றும்தான். நான் மாடிப்படியில் குந்தியிருந்து திட்டிக்கொண்டே தண்ணீர் குடித்தேன்.

அதனால் அந்தக் கடிதங்களை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் தொலைபேசியில் அழைத்து, ஏன் ஆட்களை இருக்க வைக்கிறீர்கள் என்று விதவையிடம் கேட்டேன். சாப்பாட்டுக்கு ஏன் தட்டு வைக்கிறீர்கள் என்று கேட்டதுபோல் இருந்தது அவருக்கு.

"பயணம் போகிறவர்கள் அல்லவா?" என்றார்.

நேரே மனேஜரிடம் போனேன். "இது தடுத்து வைப்பதல்ல, பத்திரமாகப் போய்த் திரும்பி வரவேண்டும் என்று இருத்துவது, எங்கள் ஈஸ்ட் ஹாம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது" என்று தண்ணீர் கதையையும் சேர்த்துச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண் மின்னியது. "எவ்வளவு அழகான விஷயம்!" என்றார். அந்த மின்னலைப் பார்த்தே நான் வாயை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. பட்டியலில் இருந்து எடுக்கவேண்டாம், அடுத்த வருட விளம்பரப் புத்தகத்தில் இதையே போடுவோம், நீங்களே ஒரு பந்தி எழுதுங்கள் என்றார். எழுதினேன். மூன்று நாள் இருந்து எழுதினேன்.

பன்னிரண்டாம் பக்கம், பைன் மரங்களின் படத்துக்குக் கீழே வந்தது. பழங்காலப் பால்டிக் பிரியாவிடைச் சடங்கு. உங்கள் பயணம் நலமாக அமைய, உங்களை வரவேற்ற வீட்டுக்காரியோடு ஒரு நிமிட மௌனம். கட்டணத்தில் அடங்கும். 'பழங்கால' என்ற சொல்லும் 'கட்டணத்தில் அடங்கும்' என்பதும் மனேஜருடையவை. மற்றதெல்லாம் நான் எழுதியது.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கணவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"என்னப்பா, தண்ணி குடிக்கிறதையும் வித்துப்போட்டீரோ?"

"ஒரு மனுசியின்ர வீட்டைக் காப்பாத்தியிருக்கிறன். உங்களுக்கு எல்லாம் பகிடி."

அன்றைக்கு அவரோடு கதைக்கவே இல்லை.

அடுத்த கோடையில் அறைகள் இரண்டும் நிறைந்தன. செவ்வாய்க்கிழமைகளில் "நல்லது, வரட்டும்" என்று சொல்லும் குரலில் ஒரு துளி சந்தோசம் இருந்ததாக நினைத்தேன். ஆடி மாதம் கடிதங்கள் வரத் தொடங்கின. பன்னிரண்டாம் பக்கத்தில் விளம்பரம் செய்த சடங்கு எங்களுக்கு வழங்கப்படவில்லை என்று ஒரு தம்பதி. வீட்டுக்காரி பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார் என்று இன்னொருவர். பாதிக் காசையாவது திருப்பித் தரவேண்டும் என்று வேறொருவர். சடங்கு நடந்ததுதான், ஆனால் மணிக்கூட்டில் பார்த்தேன், நாற்பது வினாடிதான் இருந்தது, புத்தகத்தில் ஒரு நிமிடம் என்று போட்டிருக்கிறது என்று எழுதிய ஒரு மகராசனும் உண்டு. ஒரு மனுசி உன்னை நினைத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மணிக்கூடு பார்க்கிற நீயெல்லாம் என்ன பிறவி என்று கேட்டு எழுத எனக்குக் கை துடித்தது. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து எழுதினேன்.

விதவையை அழைத்தேன். ஏன் இவர்களோடு இருக்கவில்லை என்று கேட்டேன்.

"அந்த ஆட்களோடா? மூன்று தரம் எழும்பி மூன்று தரம் இருக்கச் சொன்னார்கள். படம் சரியாக விழவில்லையாம்." பிறகு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "நான் எல்லோரோடும் இருப்பதில்லை. திரும்பி வரவேண்டும் என்று நான் நினைக்கிறவர்களோடு மட்டும்தான்."

எனக்குப் போன வருடத்து மூன்று கடிதங்களும் ஞாபகம் வந்தன. அந்த மூன்று பேரையும் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"அவர்களா? நல்ல பிள்ளைகள். அந்தப் பெண் எனக்கு விறகு அடுக்கித் தந்தாள். இந்த வருடம் வருகிறாளா?"

துவாய்க்காரி! விறகு அடுக்கிக் கொடுத்துவிட்டு, லண்டனுக்கு வந்து அவமானம் என்று எழுதியவள். "தெரியவில்லை" என்றேன்.

மனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். சண்டை என்றால் சண்டைதான், கீழே சப்பாத்துக் கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். போன வருடம் இருத்தினது குற்றம், இந்த வருடம் இருத்தாதது குற்றம், அந்த மனுசி என்னதான் செய்யவேண்டும் என்று கேட்டேன். யாரைத் திரும்பக் கூப்பிடுவது என்பது அவருடைய மனம், அதற்கும் நாங்கள் காசு வாங்கினோமா என்று கேட்டேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தில் போட்டதை வழங்காவிட்டால் கம்பனிதான் பதில் சொல்லவேண்டும், வேறு வழியில்லை, பட்டியலில் இருந்து எடுக்கிறோம் என்றார். பிறகு, குத்திக்காட்டுவதற்காக அல்ல, உண்மையாகவே ஆறுதல் சொல்வதாக நினைத்து, "உங்கள் பந்தி மிகவும் நன்றாக இருந்தது" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது பரவாயில்லை, கெட்டது அதுதானே. இங்கே என் வாயால் இன்னொருத்தி கெட்டாள். மனேஜர் மேல் வந்த கோபமெல்லாம் திரும்பி என் மேல் விழுந்தது. பேசாமல் பேசுகிற ஒரு விசயத்தை எடுத்து, மூன்று நாள் இருந்து, அழகான ஆங்கிலத்தில் விலைக்கு வைத்தவள் நான். மணிக்கூடு பார்த்த மகராசனிடம் அந்த ஒரு நிமிடக் கணக்கைக் கொடுத்தவளும் நான்தான்.

விதவைக்கு அதை அறிவிக்கும் கடிதத்தை ஜெர்மனில் தட்டச்சு செய்தேன். ஐந்து மணித் தபாலில் போகவேண்டும். உறைக்குள் வைத்துவிட்டு, இந்தச் செய்தியை ஒரு தாளில் இருந்து அவர் அறியக்கூடாது என்று தொலைபேசியை எடுத்தேன். கோபம் வந்தால் எனக்கு இருந்து கதைக்க வராது. மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டாம் பக்கத்தை, அதை எழுதியது யார் என்பதை, உறைக்குள் இருக்கும் கடிதத்தை.

"சடங்கு என்றா எழுதினீர்கள்?"

"ஓம்." 'ஆம்' என்று ஜெர்மனில் சொல்லவேண்டிய இடத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. ஆனால் அவருக்கு விளங்கியது.

"இது சடங்கு இல்லை. என் அம்மா செய்தாள், நானும் செய்கிறேன்." பிறகு சொன்னார்: "அப்படியென்றால் இலை கொட்டமுதல் விற்றுவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரன் இரண்டு வருடமாகக் கேட்கிறான்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது. அதற்குப் பதிலாக, அங்கே மரத் தரையில் ஒரு கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"நிற்கிறாயா?" என்றார். மூன்று வருடத்தில் அன்றுதான் என்னை முதல்முறையாக ஒருமையில் அழைத்தார்.

"நிற்கிறேன்."

"இரு."

இருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் இருவரில் யார் பயணம் போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில், எங்கோ முற்றத்தில், ஒரு சேவல் கூவியது. நான்கு மன்னிப்புக் கடிதங்களில் ஒன்று அந்தச் சேவலுக்காகத்தான் எழுதினேனோ என்னவோ. கூவிவிட்டுப் போகட்டும் என்று ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

மனேஜர் கதவடியில் வந்து நின்றார். ரிசீவர் காதில், வாய் மூடியபடி, கண்ணில் தண்ணீரோடு நான் இருப்பதைப் பார்த்து, பதறித்தான் போனார். அங்கே யாரும் இல்லையா, தொடர்பு அறுந்துவிட்டதா என்று கேட்டார்.

"இருக்கிறம்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. என்ன, என்ன என்று இரண்டு தரம் கேட்டார். இந்த முறை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.