ஃபில்டரில் கிடந்த ஏலக்காய்

நீங்கள் நம்ப மாட்டீர்கள், அது எனக்கே தெரியும். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தாலே வாப்பா எழுந்து போய்விடுகிற வீட்டில் வளர்ந்தவள் நான், போதாக்குறைக்கு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

வாப்பா காலமானபின் மணமேல்குடியில் நானும் உம்மாவும்தான் இருக்கிறோம். தம்பி ரியாஸ் துபாயில் பாத்திரம் கழுவும் மெஷின், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் பழுது பார்க்கிற வேலையில் இருந்தான். உம்மாவின் கை சோப்புத்தூள் பட்டு வெடித்து ரத்தம் கசிவதைப் பார்த்துவிட்டு, கடைசியாக லீவில் வந்தபோது ஒரு டிஷ்வாஷர் வாங்கி அவனே அடுப்படியில் பொருத்திவிட்டுப் போனான். நெய்ச்சோறு ஆக்கினால் நாங்கள் சஹனில்தான் சாப்பிடுவோம், ஒரே பெரிய தட்டு, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்போம். ஏலக்காயைக் கடித்தால் அவனுக்குக் குமட்டும், அதனால் சோற்றில் தட்டுப்படுகிற ஏலக்காயை எல்லாம் பொறுக்கி உம்மா பக்கம் தள்ளிவிடுவான், உம்மா அதை வாயில் போட்டு மென்றுகொள்வார்.

தினமும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் வீடியோ காலில் வருவான். முதல் கேள்வியே "மெஷின ஓட்டுனீங்களா உம்மா?" என்பதுதான். உம்மாவுக்கோ கையால் தேய்க்காவிட்டால் பாத்திரம் கழுவின மாதிரியே இருக்காது. எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அவன் கூப்பிடுகிற நேரத்துக்குச் சுத்தமான சஹனை மெஷினுக்குள் வைத்து ஓட விடுவார், சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்க வேண்டுமாம். அவனா ஏமாறுவான்?

"தண்ணி எவ்வளவு அழுக்குன்னு பாக்க உள்ள ஒரு சென்சார் இருக்கு உம்மா. அழுக்கு இல்லைன்னா சீக்கிரமே நின்னுரும். கழுவுன சஹனை வச்சு எனக்கே படம் காட்டுறீங்களா?" என்று சிரிப்பான்.

கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு அவனுக்கு. ஒருநாள் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உம்மா அழவே இல்லை. "மொகத்தப் பாக்காம நான் எப்புடிடீ நம்புறது?" என்று ஒரே வார்த்தைதான். அசர் ஆனால் சஹனை வைத்து மெஷினை ஓட விட்டுவிட்டுப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு இறங்கவில்லை, நாளாக ஆக எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார். தம்பியும் போய் உம்மாவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன்.

அப்படி ஒரு சாயங்காலம் மெஷின் பாதியில் நின்று கூவியது. மெஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்தேன், அழுக்குப் பார்க்கிற சென்சாரில் கோளாறு என்று போட்டிருந்தது. தம்பி சொல்லிக்கொடுத்தபடி ஃபில்டரைக் கழற்றினேன், ஒன்றுமே இல்லை. பிரஷ் போட்டுத் தேய்த்து, சென்சாரையும் வினிகர் துணியால் துடைத்து, சஹனைக்கூட வெளியே எடுத்துவிட்டு வெறும் மெஷினை ஓட விட்டேன். தண்ணீர் ஏறியது, உடனே மறுபடியும் அதே கூவல்.

புதுக்கோட்டையில் இருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "தண்ணி ரொம்ப அழுக்கா இருந்தாலும் அப்படிக் காட்டும் டீச்சர். ஃபில்டரை இன்னொரு தடவை பாருங்க" என்றார்.

"வெறும் மெஷின்ல எங்கிட்டிருந்துங்க அழுக்கு வரும்?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் கழற்றினேன்.

ஃபில்டருக்குள் ஒரு ஏலக்காய் கிடந்தது. வெந்து உப்பிய ஏலக்காய். தம்பி போனதிலிருந்து எங்கள் வீட்டில் நெய்ச்சோறு ஆக்கவில்லை, டீக்குக்கூட ஏலக்காய் வாங்கியதில்லை. சற்றுமுன் அந்த ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள் நான். பழசு எங்காவது குழாயில் மாட்டியிருந்து இப்போது வந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார். இருக்கலாம்.

உம்மா என் கையிலிருந்து அதை எடுத்தார். வாயில் போட்டு மென்றார். மெல்ல மெல்ல முகம் கோணியது, "என் புள்ள போயிட்டான்டீ" என்று தரையில் உட்கார்ந்து அலறினார். அன்றைக்குத்தான் முதல் தடவை அழுதார். அழுது ஓய்ந்தபின் சோறு கேட்டார், நான் பிசைந்து ஊட்டினேன். அதற்கப்புறம் அந்த மெஷின் ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை.

உம்மாவிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று மெஷின் தண்ணீரைச் சூடாக்குவதற்கு முன்பே நின்றுவிட்டது, உள்ளே நின்றதெல்லாம் பச்சைத் தண்ணீர், ஃபில்டரும் சில்லென்றுதான் இருந்தது. ஆனால் நான் எடுத்தபோது அந்த ஏலக்காய் சுட்டது. விரலெல்லாம் நெய்.