எள்ளுருண்டையோடு போன கொசுறு

கடல் தாண்டி வியாபாரம் செய்ய ஒரு வெப்சைட் போதும் என்று என் அக்கா புருஷனிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கிறவர், கேட்கவா வேண்டும்! விதிமுறைகள் என்று ஒரு பக்கம் போடவேண்டுமே, அதைப் புதியம்புத்தூர் ரெடிமேட் துணிக்கடை ஒன்றின் வெப்சைட்டிலிருந்து அப்படியே சுட்டுப் போட்டார். "அளவு சரியில்லை என்றால் துவைக்காமல் திருப்பி அனுப்பவும்." மிட்டாயைத்தான்! கேட்டதற்கு, "அதெல்லாம் எவன்ட்டி படிக்கான்?" என்றார்.

படிக்கிறவள் ஒருத்தி வந்தாள். வெளிநாட்டில் குடியிருக்கும் தமிழ்ப்பெண். எள்ளுருண்டை வேண்டும், ஆனால் மகனுக்குக் கடலை ஆகாது, துணுக்குப் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சடைத்துவிடும், கடலை படாமல் செய்கிறீர்களா என்று மெயிலில் கேட்டிருந்தாள். கடைக்கு வரும் ஆர்டர்களைப் பார்ப்பது நான்.

"அத்தான், ரெண்டையும் ஒரே இடத்துலதான செய்யுதோம்? வெளிநாட்டுக்கு அனுப்பினா கடலை பட்டிருக்கும்னு பாக்கெட்டுலயே அச்சடிச்சிருக்கணும். முடியாதுன்னு எழுதிருதேன்."

"வார யாவாரத்தை ஏம்ட்டி வெரட்டுத? கடலை திண்ணா சாவாகளாம்! அப்படிப் பாத்தா நம்மூர்ல ஒருத்தன் மிஞ்சியிருக்க மாட்டானே!"

சொல்லிவிட்டு, கடலையே படாது என்று அவரே பதில் தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப் புளுக ஒரு கூச்சம் வேண்டாமா?

அதோடு விட்டாரா மகராசன்! முதல் வெளிநாட்டு வியாபாரம், கொசுறு இல்லாமல் அனுப்பினால் கடைக்கு மானக்கேடு என்று, பெட்டியை ஒட்டும்போது ஒரு பாக்கெட் கடலைமிட்டாயைச் சொருகியிருக்கிறார். என்னிடம் வாயே திறக்கவில்லை. நான் சுங்கப் படிவத்தில் எள்ளுருண்டை என்று மட்டும் எழுதினேன்.

அந்த ஊர்ச் சுங்கத்தில் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள். படிவத்தில் இல்லாத பண்டம் உள்ளே இருந்ததால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கண்டதைப் படமெடுத்து அவளுக்கும் எங்களுக்கும் அனுப்பினார்கள். அத்தான் தாம்தூம் என்று குதித்தார்.

"சும்மா குடுத்த மிட்டாய்க்கும் சட்டம் பேசுதானுவளே! ஈவிரக்கம் இல்லாத பயலுவ! பச்சப்புள்ள திங்கிற பண்டம்லா!"

மறுநாள் அவளுடைய மெயில் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அத்தானை உட்காரவைத்து உரக்க வாசித்தேன்.

"கடலை படாது என்று நீங்கள் சொன்னதை நம்பி, மகன் பிறந்தநாளுக்காக வாங்கினேன். பெட்டியை அவனே பிரிக்கட்டும் என்று நினைத்திருந்தேன். படத்தில் பார்த்தேன், உங்கள் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டில் எல்லாம் தமிழில்தான் அச்சடித்திருக்கிறது. என் மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது."