ஓர் எழுத்து கூடக் கிடந்தது

நாற்பது வயதில் என் பார்வை முழுதாகப் போய்விட்டது. எங்கள் ஊரான சரவணையில் ஒரு சிறிய நூலகத்தில் கடிதம் எழுதுவதும் புத்தகப் பட்டியல் தயாரிப்பதும் என் வேலை. கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஓர் இலவச மென்பொருள் கிடைத்திராவிட்டால் அந்த வேலையும் கையை விட்டுப் போயிருக்கும். அதை எழுதுபவர்கள் பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள். ஒவ்வொரு புதிய பதிப்பையும் எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன், பிழை பார்ப்பதற்காக ஒரு முன்பதிப்பை வெளியிடுவார்கள். அதைப் போட்டுப் பார்த்துச் சொல்பவர்களில் நானும் ஒருவனானேன். பதிலுக்குச் செய்ய என்னிடம் வேறென்ன இருந்தது?

போன வருடம் வந்த முன்பதிப்பைப் போட்ட மறுநாள், அல்லைப்பிட்டியிலிருந்து வந்து என்னோடு வேலை செய்யும் பெண் நான் அடித்த கடிதத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, இதில சொல்லுக்குச் சொல் ஒரு எழுத்து கூடக் கிடக்குது. கொடையாளர் எண்டதைக் கொடடையாளர் எண்டு அடிச்சிருக்கிறீங்கள்."

விரல்தான் தடுமாறுகிறதென்று பயந்தேன். மெதுவாக மறுபடி அடித்தோம். 'கொடி' என்று பிழையாக அடித்துவிட்டு அழிக்கும்போது, 'டி' முழுதும் போய்விட்டதாகக் குரல் சொன்னது. உண்மையில் போனது எழுத்தின் மேலே இருந்த விசிறிக் குறி மட்டும். 'ட' அங்கேயே நின்றது.

எழுதி அனுப்பினேன். மென்பொருளைத் திருத்துபவர் தன் கணினியில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்திருப்பார்.

"நீங்கள் அடியுங்கோ, நான் போனில படம் பிடிக்கிறன்" என்றாள் அவள். திரையும் குரலும் சேர்ந்து அதில் பதிந்தன. நூலகத்தில் போன் சிக்னல் போதாததால், பின்னேரம் வீடு போகும் வழியில் பஸ்ஸுக்குள் இருந்தே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பதில் வந்தது. "இப்போது புரிகிறது. அழிக்கும்போது குரல் என்ன சொல்லவேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லவேண்டும்."

பிறகு ஒரு கிழமை, நாள்தோறும் அதே வேலை. அவர் திருத்தி அனுப்புவார். அவள் பக்கத்துக் கதிரையில் இருந்து சொற்கள் சொல்வாள். அவளுடைய புருஷன் கடற்றொழில் செய்பவர், அதனால் வாயில் வந்ததெல்லாம் மீன்கள்: ஓரா, ஒட்டி, கொய், சூடை, திரளி. நான் அடித்து அழிப்பேன். ஒருமுறை விசிறி சரியாகி, புள்ளியில் பிழை வந்தது. மறுபடி எழுதினேன். மூன்றாவது முறை எந்த மீனை அழித்தாலும், அழிந்ததையே குரல் சொன்னது.

இதற்காகப் புதிய பதிப்பையே பிற்போட்டுவிட்டார்கள். தமிழில் அழிப்பதில் ஒரு பிழை இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் அறிவித்திருந்தார்கள். அதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எங்கட எழுத்துக்காகவோ மறிச்சு வச்சவை?"

"ஓம். நீர் பிடிச்ச படத்தாலதான்."



மென்பொருளைத் திருத்திய அந்த மனிதருக்கு நன்றி எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் எழுதியது போதாததுபோல் தோன்றியது. மேலே தமிழில் ஒரு பக்கம் எழுதினேன், கீழே ஆங்கிலத்தில் அதன் பொருளைச் சொன்னேன். அவருக்கும் பார்வை இல்லை என்பது அவருடைய பதிலில்தான் தெரிந்தது. நாங்கள் அனுப்பிய படத்தில் திரையில் இருந்ததை வேறொருவர் பார்த்துச் சொன்னாராம். தமிழ்ப் பகுதியைத் தன் கணினியில் வாசிக்கவிட்டாராம். ஒரு சொல்லும் விளங்கவில்லையாம். ஆனாலும் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.